கல்வராயன் மலையில் மிதிவண்டித் தடங்கள்

கள்ளக்குறிச்சி நகரின் மேற்கிலும் வடமேற்கிலும் எழும் கல்வராயன் மலை, மலை மிதிவண்டிக்கு வேண்டிய எல்லா வகை நிலத்தையும் ஒரே சுற்றுக்குள் வைத்திருக்கிறது. ஊரைச் சுற்றி ஏரிக்கரைகளும் வாய்க்கால் பாதைகளும் உள்ளன. அவற்றைத் தாண்டினால் சரளை மண்ணும் முட்புதரும் நிறைந்த அடிவாரம் வருகிறது. அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் மலைச்சாலை. மேலே மேடும் பள்ளமுமாக விரியும் பீடபூமி. பீடபூமியின் சிற்றூர்களை இணைக்கும் ஒற்றையடிப் பாதைகள். கியர் சைக்கிளில் முதல்முறை ஏறுபவர் முதல் பாறைச் சரிவில் இறங்கிப் பழகியவர் வரை அவரவர் திறனுக்கு ஏற்ற வழி இங்கே உண்டு. ஆனால் மிதிவண்டிக்கென்று வகுத்த தடமோ, வழிகாட்டிப் பலகையோ, தரக் குறியீடோ கிடையாது. இருப்பவை எல்லாம் வயலுக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் மக்கள் நடந்து நடந்து உண்டான பாதைகள். ஆகவே ஒரு பாதை எவ்வளவு கடினமானது என்பதைச் சரிவையும் தரையையும் பார்த்துப் பயணியே அறிய வேண்டும். அது யாருடைய பாதை என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

மலையின் அமைப்பு

கிழக்குத் தொடர்ச்சி மலை தமிழ்நாட்டுக்குள் ஒரே தொடராக வருவதில்லை. சவ்வாது மலை, கல்வராயன் மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்று தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. இவற்றுள் கல்வராயன் மலை ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் இதன் பெரும்பகுதி உள்ளது. வடபகுதி சின்னக் கல்வராயன் என்றும் தென்பகுதி பெரிய கல்வராயன் என்றும் அழைக்கப்படுகின்றன. மலையின் பெரும்பகுதி 600 முதல் 900 மீட்டர் வரை உயரமுள்ள மேட்டு நிலம். சில முகடுகள் 1,200 மீட்டரையும் தாண்டுகின்றன. வடக்கே தென்பெண்ணையாறும் சாத்தனூர் அணையும், தெற்கே ஆத்தூர்ப் பள்ளத்தாக்கில் ஓடும் வசிஷ்ட நதியும் இதற்கு எல்லைகள். வசிஷ்ட நதிக்கு அப்பால் பச்சைமலை தொடங்குகிறது.

மிதிவண்டிப் பயணிக்கு இந்த அமைப்பில் முக்கியமானது ஒன்று: மலை கூம்பாக உச்சி நோக்கிக் குவியவில்லை. பக்கங்களில் செங்குத்தாக எழுந்து, மேலே அகன்று பரவுகிறது. ஏற்றத்தின் கடுமை எல்லாம் விளிம்பில்தான். விளிம்பைக் கடந்துவிட்டால் நாள் முழுவதும் மிதமான மேடு பள்ளங்களில் ஓட்டலாம். இந்த மேட்டு நிலத்தில் பிறக்கும் கோமுகியும் மணிமுக்தாவும் கிழக்கே இறங்கி வெள்ளாற்றில் சேர்கின்றன. அவை அறுத்த பள்ளத்தாக்குகளே மலைக்கு ஏறும் வழிகளாகின.

தாவரமும் உயரத்தோடு மாறுகிறது. அடிவாரத்தில் முட்புதர்க் காடு; நடுச்சரிவில் இலையுதிர் காடு; உயர்ந்த பள்ளத்தாக்குகளின் ஈரமான மடிப்புகளில் அங்கங்கே சோலைத் துண்டுகள். அடிவாரப் புதர்க்காட்டில் வெயிலும் முள்ளும் பயணியைச் சோதிக்கும். நடுச்சரிவில் உதிர்ந்த இலைகள் பாதையின் கல்லையும் குழியையும் மறைக்கும். மேலே ஈரப் பாறை வழுக்கும்.

மலையும் பாதையும்

மலையில் வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். கேரளத்தோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களிடையே வழங்கும் வரலாறு. விஜயநகர அரசர் காலத்தில் ஏற்பட்டதாகச் சொல்லப்படும் ஜாகிர் முறையின் கீழ், சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று குடும்பங்கள் மலையை ஆண்டன. நாடு விடுதலை பெற்ற பின்னும் இந்த நிலை நீடித்தது. 1976-இல்தான் மலை முழுமையாக அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. பேருந்து, பள்ளி, மருத்துவமனை, தார்ச் சாலை எல்லாம் மற்ற ஊர்களைவிடத் தாமதமாக இங்கே வந்ததற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. கல்வராயன் மலை இம்மாவட்டத்தில் ஒரு தனி வட்டம். அதன் தலைமையிடம் வெள்ளிமலை. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலைமக்களின் அடிப்படை வசதிகள் குறித்துத் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தபோது, முதலில் பேசப்பட்டவற்றுள் சாலையும் ஒன்று. கரடுமுரடான பாதை வெளியூர்ப் பயணிக்கு விளையாட்டாக இருக்கலாம். அதே பாதையில்தான் பிரசவ வலி கண்டவரை ஊரார் சுமந்து வந்திருக்கிறார்கள். சாலை செப்பனிடப்பட்டால் அது மலைக்கு நன்மை. மிதிவண்டிக்கு வேறு பாதை எப்போதும் கிடைக்கும்.

தரம் பிரிக்கும் முறை

மலை மிதிவண்டி ஒரு விளையாட்டாக உருவானது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 1970-களில். மரின் பகுதி இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களைத் தமால்பைஸ் மலைக்கு ஏற்றி மண்பாதைகளில் இறக்கினார்கள். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், டாம் ரிச்சி போன்றவர்கள் அந்த வேகத்துக்குத் தாங்கும் சட்டங்களைக் கட்டினார்கள். 1990-இல் முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டி நடந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது இடம்பெற்றது. இந்தியாவில் இமாசலப் பிரதேசம் இதற்கு முன்னோடி. கேரளத்தின் பொன்முடி 2023 அக்டோபரில் ஆசிய மலை மிதிவண்டிப் போட்டியை நடத்தியது.

தடங்களைத் தரம் பிரிக்கப் பல நாடுகளிலும் வழங்கும் முறையைப் பன்னாட்டு மலை மிதிவண்டிச் சங்கம் வகுத்தது. வெள்ளை வட்டம் மிக எளிது. பச்சை வட்டம் எளிது. நீலச் சதுரம் நடுத்தரம். கறுப்பு வைரம் கடினம். இரட்டைக் கறுப்பு வைரம் மிகக் கடினம். பாதையின் அகலம், தரையின் தன்மை, சராசரிச் சரிவு, அதிகபட்சச் சரிவு, இடையூறுகளின் உயரம் ஆகியவற்றை வைத்து இது கணிக்கப்படுகிறது. சராசரிச் சரிவு 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் பச்சை, 10-க்குள் இருந்தால் நீலம், 15-க்குள் இருந்தால் கறுப்பு என்பது பொது அளவு. நூறு மீட்டர் முன்னேறும்போது ஐந்து மீட்டர் உயர்ந்தால் அது 5 விழுக்காடு.

கல்வராயன் மலைக்கு இந்த அளவை அப்படியே பொருத்தலாம். ஆனால் தரையைத் தனியே எடைபோட வேண்டும். 4 விழுக்காடே ஏறும் செம்மண் பாதை, மழைக்கு மறுநாள் கறுப்பு வைரத்தைவிடக் கடினமாகிவிடும். சேறு டயரில் அப்பி, ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே அடைத்து, சக்கரம் சுற்றாமல் நின்றுபோகும். 9 விழுக்காடு ஏறும் நல்ல தார்ச் சாலையில், மூச்சும் காலும் ஒத்துழைத்தால் தொடக்கநிலைப் பயணியும் ஏறிவிடலாம்.

சமவெளி: தொடக்கநிலை

கள்ளக்குறிச்சிக்கு மிதிவண்டியோடு ரயிலில் வருபவர்கள் சேலம்–விருத்தாசலம் பாதையிலுள்ள சின்னசேலத்தில் இறங்கலாம். அங்கிருந்து நகரம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். சாலைவழி வருபவர்களுக்குச் சேலம்–உளுந்தூர்பேட்டை தேசிய நெடுஞ்சாலை உண்டு. ஆனால் கனரக வாகனங்கள் விரைந்து செல்லும் அந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டுவதைத் தவிர்ப்பதே நல்லது.

தொடக்கநிலைப் பயணத்துக்கு ஏற்றது கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணைக்குச் செல்லும் சாலை. கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு வழி 15 கிலோமீட்டர் சொச்சம். நிலம் கண்ணுக்குத் தெரியாத அளவில் மெல்ல உயர்கிறது. போகும்போது சிறிது உழைக்கும் கால், திரும்பும்போது ஓய்வு பெறும். இருபுறமும் நெல், கரும்பு, மரவள்ளி. கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை உண்டு. அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு வரும். டிரெய்லருக்கு வெளியே நீட்டியிருக்கும் கரும்பு, பக்கத்தில் செல்லும் சைக்கிள்காரரின் தோளைத் தட்டும். டிராக்டரைக் கடக்க முயலாமல் ஓரம் நின்று வழிவிடுவதே முறை.

கோமுகி அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 46 அடி. அணைக்குப் பின்னால் மலைச்சுவர் நேராக எழுகிறது. மறுநாள் ஏறப்போகும் சரிவை முழுமையாகப் பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. நகரின் மறுபக்கம் சூளாங்குறிச்சியில் மணிமுக்தா அணை 36 அடி உயரம் கொண்டது. இரு அணைகளையும் அவற்றின் வாய்க்கால்களையும் கிராமச் சாலைகள் வழியாகத் தொட்டு வந்தால் தொடக்கநிலைப் பயணிக்கு முழுநாள் வேலை.

ஏரிக்கரைகளும் வாய்க்கால் ஓரங்களும் மண்பாதைப் பயிற்சிக்கு நல்ல களங்கள். அகலமும் சமநிலையும் உள்ள கரையில் பார்வையை முன்சக்கரத்தில் வைக்காமல் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னே வைக்கப் பழகலாம். மதகுக்கும் கலிங்குக்கும் அருகே கரை சட்டென்று ஏறி இறங்கும். அங்கே உட்காராமல், இரு பெடல்களையும் சமமட்டத்தில் வைத்து எழுந்து நின்று, முழங்காலையும் முழங்கையையும் தளர்த்திக் கடக்கப் பழகலாம். மலைமேல் தேவைப்படும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த நிலைதான்.

அடிவாரம்: நடுநிலைக்கு முதல் படி

கோமுகி அணையைத் தாண்டி பரிகம், மாவடிப்பட்டு பக்கம் செல்லும்போது நிலத்தின் நிறம் மாறுகிறது. வயல் குறைந்து மானாவாரிக் கொல்லைகள் வருகின்றன. வண்டல் போய்ச் சரளை வருகிறது. இங்குள்ள மாட்டுவண்டித் தடங்களும் கப்பிச் சாலைகளும் நீலச் சதுர நிலைக்குப் பொருத்தமானவை. சரிவு 3 முதல் 6 விழுக்காடுதான் இருக்கும். ஆனால் உருளும் கற்கள் சக்கரத்தை நிலைகுலைக்கும். ஏறும்போது உடலை முன்னே சாய்த்து, பின்சக்கரம் பிடிப்பு இழக்காதபடி இருக்கையில் உட்கார்ந்தே மிதிக்க வேண்டும். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் சரளையில் வீணாகச் சுழலும்.

சங்கராபுரம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு மூலக்காடு இதே போன்ற அடிவாரம். சேலம் மாவட்டப் பக்கத்தில் ஆத்தூரை அடுத்த முட்டலும் ஆனைவாரி அருவியும் கல்வராயன் அடிவாரத்தைச் சேர்ந்தவை. அங்கே வனத்துறை ஏரியில் படகு விட்டு, கட்டணம் பெற்றுப் பயணிகளை அனுமதிக்கிறது. 2021 அக்டோபரில் ஆனைவாரியில் திடீரென்று வெள்ளம் பெருகி, கைக்குழந்தையோடு தாய் ஒருவர் பாறையில் சிக்கியதும், இளைஞர்கள் உயிரைப் பணயம் வைத்து இருவரையும் மீட்டதும் தமிழகம் முழுவதும் பார்த்த காட்சி. அடிவாரத்தில் ஒரு துளி தூறாவிட்டாலும் மேலே பெய்த மழை ஓடையில் இறங்கி வரும். ஓடைநீர் கலங்கத் தொடங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ கடக்கக் கூடாது.

அடிவாரத்தின் மற்றொரு இடையூறு முள். நெருஞ்சியும் கருவேலமும் சாதாரண டியூபை ஒரே நாளில் பலமுறை பஞ்சராக்கும். டியூப் இல்லாத டயரில் ஓட்டை அடைக்கும் திரவத்தை ஊற்றி வைத்தால் சிறு முள்ளின் ஓட்டை தானே அடைந்துவிடும். டியூப் உள்ளவர்கள் இரண்டு மாற்று டியூபும் ஒட்டுப் பொருளும் காற்றடிக்கும் பம்பும் இல்லாமல் கச்சிராயபாளையத்தைத் தாண்டுவது தகாது.

மலைச்சாலை: உடல்வலுவின் களம்

பீடபூமிக்கு ஏற மூன்று முக்கியத் தார்ச் சாலைகள் உள்ளன. கச்சிராயபாளையத்திலிருந்து கரியாலூர் வழியாக வெள்ளிமலைக்கு ஒன்று. சங்கராபுரம் பக்கமிருந்து மூலக்காடு, சேராப்பட்டு வழியாக ஒன்று. சேலம் பக்கமிருந்து தும்பல் வழியாகக் கருமந்துறைக்கு ஒன்று. முதல் வழியில் சாலையோரமாகவே பெரியார் அருவி விழுகிறது. ஏறும்போது நின்று மூச்சு வாங்க அது இயல்பான இடம். மேகம் அருவி சாலையிலிருந்து விலகிக் காட்டுக்குள் உள்ளது. அங்கே சைக்கிளோடு செல்ல வழியில்லை.

சமவெளியிலிருந்து பீடபூமி விளிம்புக்கு ஏற வேண்டிய உயரம் சுமார் 600 மீட்டர் என்று கொள்ளலாம். சராசரி 6 விழுக்காடு சரிவில் அதற்கு 10 கிலோமீட்டர் ஏற வேண்டும். பயணியும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், அந்த எடையை 600 மீட்டர் தூக்க ஏறத்தாழ 470 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் ஏறினால் 87 வாட். உராய்வையும் சேர்த்தால் நூறு வாட்டைத் தாண்டும். வாரத்தில் சில நாள் சைக்கிள் ஓட்டும் சாதாரண உடலுக்கு இது எட்டக்கூடியதே. இதே உயரத்தை ஒரு மணி நேரத்துக்குள் ஏற நினைத்தால்தான் தேர்ந்த பயிற்சி தேவைப்படும்.

இங்கே முடிவு செய்வது கியர்தான். பழைய கறுப்புச் சைக்கிளில் முன்பல்சக்கரத்துக்கு 44 பற்கள், பின்னே 18 என்றால், ஒருமுறை மிதித்தால் வண்டி 5 மீட்டருக்கு மேல் நகரும். ஏற்றத்தில் அவ்வளவு பாரத்தைக் கால் தாங்காது. முன்னே 32, பின்னே 50 பற்கள் கொண்ட மலை சைக்கிளில் ஒரு மிதிக்கு ஒன்றரை மீட்டர்தான். வேகம் மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டராகக் குறைந்தாலும் கால் சுற்றிக்கொண்டே இருக்கும். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு வழங்கும் கியர் இல்லாத மிதிவண்டியை மலையூர்ப் பிள்ளைகள் மேட்டில் தள்ளிக்கொண்டும் இறக்கத்தில் ஓட்டிக்கொண்டும் போவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

கொண்டை ஊசி வளைவின் உட்புறம் செங்குத்தானது. வெளிப்புறம் சரிவு குறைந்தது. ஏறுபவர் எதிரே வண்டி வராதபோது வெளிப்புறத்தை ஒட்டி ஏறினால் காலுக்குச் சுமை குறையும். இறங்குபவர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் பிரேக் அழுத்தினால் சக்கரம் வழுக்கும். தொடர்ந்து பிரேக்கைப் பிடித்தபடி இறங்கினால் ரிம்மோ டிஸ்க்கோ சூடேறிப் பிடிப்பு குறையும். ஆகவே விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். மலைச்சாலையில் ஏறிவரும் வாகனத்துக்கே முதல் உரிமை. வளைவுக்கு முன் மணியடிப்பதும் குரல் கொடுப்பதும் இங்கே நாகரிகக் குறைவல்ல.

ஒப்பிட்டுப் பார்த்தால், 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையும் 20 வளைவுகள் கொண்ட ஏற்காட்டுச் சாலையும் தமிழ்நாட்டுச் சைக்கிள்காரர்களிடையே பெயர் பெற்றவை. அந்த இரண்டிலும் விடுமுறை நாட்களில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் நெருக்கும். கல்வராயன் சாலையில் அந்த நெரிசல் குறைவு. அதற்கு ஈடாக, உதிரிபாகக் கடையும் சைக்கிள் பழுதுபார்ப்பவரும் தங்குமிடமும் குறைவு.

பீடபூமி: நடுநிலைப் பயணியின் நிலம்

விளிம்பைக் கடந்து முதலில் வரும் பெரிய ஊர் கரியாலூர். படகுக் குழாமும் சிறுவர் பூங்காவும் இங்கே உள்ளன. கோடை விழா நடக்கும் மலை இது. அடுத்து வெள்ளிமலை. கடை, தேநீர், சாப்பாடு, பேருந்து ஆகியவற்றுக்கு மலையின் மையம் இதுவே. அங்கிருந்து இன்னாடு, சேராப்பட்டு நோக்கி ஒரு சாலையும் கருமந்துறை நோக்கி மற்றொரு சாலையும் செல்கின்றன. இந்தச் சாலைகளில் ஏற்றம் தொடர்ந்து நீள்வதில்லை. ஒரு கிலோமீட்டர் ஏறினால் அடுத்த கிலோமீட்டரில் ஓடைவரை இறங்கிவிடும். பாலத்தைத் தாண்டியதும் மறுபடி ஏறும். நீண்ட ஏற்றத்துக்குப் பழகியவர்களையும் இந்த விட்டு விட்டு வரும் மேடுகள் களைப்படையச் செய்யும். இறக்கத்தின் வேகத்தை அடுத்த மேட்டில் பாதிவரை பயன்படுத்தக் கற்றவர்களுக்கு எளிதாகும்.

சாலையின் இருபுறமும் சாமை, கேழ்வரகு, மக்காச்சோளம், மரவள்ளி. வரப்போரம் புளியமரமும் கடுக்காய் மரமும் நிற்கும். கல்வராயன் கடுக்காய் நாட்டு மருந்துக் கடைகளில் பெயர் பெற்ற சரக்கு. கருமந்துறையில் அரசுப் பழப்பண்ணை ஆயிரம் ஏக்கர் அளவில் பரந்திருக்கிறது. அறுவடைக் காலத்தில் சில ஊர்களில் தானியத்தைச் சாலையிலேயே பரப்பிக் காயவைப்பார்கள். அதன்மேல் சைக்கிளை ஏற்றாமல் இறங்கித் தள்ளிச் செல்வது ஓட்டுபவரின் கடமை.

வலுவுள்ள பயணி ஒரே நாளில் செய்யக்கூடிய பெருஞ்சுற்று இது: கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், கரியாலூர், வெள்ளிமலை, சேராப்பட்டு, மூலக்காடு, சங்கராபுரம், மீண்டும் கள்ளக்குறிச்சி. தூரம் நூறு கிலோமீட்டர் அளவுக்கு வரும். நடுநிலைப் பயணிகள் இதையே இரண்டு நாளாக்கி வெள்ளிமலை அல்லது கரியாலூரில் இரவு தங்கலாம். தங்குமிடத்தை முன்னரே உறுதி செய்துகொண்டு ஏற வேண்டும். குடும்பத்தோடு வருபவர்கள் சைக்கிள்களை வேனில் ஏற்றி மேலே கொண்டுவந்து, கரியாலூருக்கும் வெள்ளிமலைக்கும் இடையே மட்டும் ஓட்டினால் சிறுவர்களுக்கும் மலை கிடைக்கும்.

ஒற்றையடிப் பாதை: தேர்ந்தவர்களுக்கு

பீடபூமியின் சிற்றூர்களுக்கு இடையே மண்சாலையும் ஒற்றையடிப் பாதையும் வலைப்பின்னலாக ஓடுகின்றன. ஆட்டு மந்தையும் தலைச்சுமையும் வகுத்த இந்தப் பாதைகள் வளைந்து சுற்றாமல் குறுக்கே இறங்கும். நீரும் அதே வழியில் இறங்குவதால் நடுவே வாய்க்கால் போல் அரித்திருக்கும். வேரும் பாறையும் வெளியே தெரியும். படிக்கட்டாக இறங்கும் பாறைகளில் முன்சக்கரத்தைத் தூக்கி இறக்கவும், இடுப்பை இருக்கைக்குப் பின்னே கொண்டுபோய் எடையைத் தாழ்த்தவும், இரு பிரேக்குகளையும் தனித்தனியே அளந்து பிடிக்கவும் தெரிந்தவர்களுக்கே இது ஏற்றது. முன்ஃபோர்க்கில் 100 முதல் 120 மில்லிமீட்டர் அதிர்வுதாங்கியும் 2.2 அங்குல அகல டயரும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கும் இங்கே தேவை. தார்ச் சாலைக்கு 40 பிஎஸ்ஐ காற்று வைத்தவர்கள் இங்கே 25 முதல் 30-க்குக் குறைத்துக்கொண்டால் டயர் பாறையைக் கவ்வும்.

வீடும் கொல்லையும் உள்ள பகுதியில் ஊராரைக் கேட்டு ஓட்டலாம். ஊரைத் தாண்டிக் காப்புக் காட்டுக்குள் பாதை நுழையும் இடத்தில் நிலை வேறு. காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இன்றி நுழைவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பின், தமிழகத்தில் மலையேற்றத்துக்கான விதிகள் இறுக்கமாயின. 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, உள்ளூர் வழிகாட்டிகளோடு திறந்தது. அது நடைப்பயணத்துக்கு உரிய திட்டம்; சைக்கிளுக்குத் தனியே அனுமதி பெற வேண்டும்.

கள்ளச்சாராய வேட்டைக்காகப் போலீசாரும் மதுவிலக்குப் பிரிவினரும் ஓடைப் பள்ளங்களில் அடிக்கடி தேடுதல் நடத்தும் மலை இது. ஆளில்லாத பள்ளத்தில் முன்பின் தெரியாத ஆட்கள் நடமாடினால் ஊராருக்கும் காவலர்களுக்கும் ஐயம் எழுவது இயல்பு. கரியாலூர் காவல் நிலையத்திலும் வனத்துறையிலும் பயண வழியைச் சொல்லிவிட்டு, உள்ளூர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துச் சென்றால் இந்தச் சிக்கல் வராது. வழிகாட்டிக்குரிய கூலியை முன்கூட்டியே பேசிக் கொடுப்பது முறை.

பருவம், நீர், பாதுகாப்பு

அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழை. அருவிகள் நிறைந்திருக்கும், மண்பாதைகள் சைக்கிளுக்கு ஆகா. டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை சிறந்த காலம்: மண் இறுகியிருக்கும், பகல் இதமாக இருக்கும், காலையில் மூடுபனி இறங்கும். மூடுபனியில் முன்விளக்கும் சிவப்புப் பின்விளக்கும் இல்லாமல் மலைச்சாலையில் இறங்கக் கூடாது. மார்ச் முதல் மே வரை அடிவாரம் தகிக்கும். காட்டுத்தீ அச்சத்தால் காட்டுப் பாதைகள் மூடப்படும். இக்காலத்தில் விடியற்காலையில் ஏறி, வெயில் ஏறுமுன் பீடபூமியை அடைந்துவிட வேண்டும்.

ஏற்றத்தின்போது மணிக்கு முக்கால் லிட்டர் தண்ணீராவது வேண்டும். கச்சிராயபாளையத்திலோ மூலக்காட்டிலோ நிரப்பிக்கொண்டு ஏறுவது நல்லது. ஓடைநீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. கரடியும் காட்டுப்பன்றியும் உள்ள காடு என்பதால் அதிகாலையிலும் அந்தி மயங்கும் நேரத்திலும் காட்டோரப் பாதைகளில் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும். பள்ளத்தாக்குகளில் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காத இடங்கள் உண்டு. ஆகவே தனியாகச் செல்லாமல் மூவராவது சேர்ந்து செல்வது நல்லது. ஒருவர் காயப்பட்டால் ஒருவர் துணையிருக்க, மற்றவர் ஊருக்குச் செல்லலாம். மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள்ளன. பெரிய சிகிச்சைக்குக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்க வேண்டும். தலைக்கவசம் எல்லா நிலையிலும் கட்டாயம்.

தடம் வகுப்பதென்றால்

கல்வராயன் மலையில் முறையான மிதிவண்டித் தடம் அமைக்க வேண்டுமானால் முதலில் கவனிக்க வேண்டியது நீர். நல்ல தடம் சரிவில் நேரே இறங்காமல் பக்கவாட்டில் சாய்ந்து செல்லும். மலைச்சரிவின் பாதி அளவுக்கு மேல் தடத்தின் சரிவு இருக்கக் கூடாது. 20 விழுக்காடு சரிந்த மலைப்பக்கத்தில் தடம் 10 விழுக்காட்டுக்குள் ஏற வேண்டும். தடத்தின் மேற்பரப்பைப் பள்ளத்தின் பக்கம் 5 விழுக்காடு சாய்த்து, இடையிடையே சிறு மேடுகள் வைத்தால் மழைநீர் தேங்காமலும் தடத்தின் வழியே ஓடாமலும் வெளியேறும். இந்த விதிகளை மீறும் தடம், கனமழைப் பருவம் ஒன்றிலேயே ஓடையாகிவிடும்.

அடுத்தது உரிமை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் பழங்குடியினரின் தனிமனித, சமூக உரிமைகளை ஏற்கிறது. ஆகவே எந்தத் தடமும் கிராம சபையின் ஒப்புதலோடுதான் வர முடியும். தடம் பராமரிப்பு, வழிகாட்டல், சைக்கிள் வாடகை, பழுதுபார்ப்பு, சாமைச் சோற்றோடு தங்குமிடம் ஆகிய வேலைகள் மலையாளி இளைஞர்களுக்கே சேர்ந்தால் கூலிக்காக வெளியூர் செல்வோர் சிலருக்காவது ஊரிலேயே வருமானம் கிடைக்கும்.

தொடங்குவதற்கு எளிய இடம் கோமுகி அணைக்கும் பரிகத்துக்கும் இடைப்பட்ட அடிவாரம். காப்புக் காட்டுக்கு வெளியே வண்டித் தடங்கள் ஏற்கெனவே உள்ளன. நகரம் ஒரு மணி நேரச் சைக்கிள் தொலைவில் இருக்கிறது. பச்சை, நீலம் ஆகிய இரு நிலைகளுக்கும் நிலம் பொருந்துகிறது. இரண்டாம் கட்டமாகக் கரியாலூர், வெள்ளிமலை, இன்னாடு சாலைகளில் தூரமும் சரிவும் எழுதிய பலகைகள் வைத்தாலே பீடபூமிச் சுற்று நடுநிலைப் பயணிக்குத் தெளிவாகும். கறுப்பு வைர ஒற்றையடிப் பாதைகள் வனத்துறையும் ஊரும் சேர்ந்து முடிவெடுத்த பிறகு, கடைசியில் வரலாம்.